எட்டு வீட்டுக்கு மேல் கிடையாது

எங்கள் ஃப்ரீஸ்லாந்தில் ஒரு ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துப் பிரயோசனமில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டும். அங்கேதான் கதவின் உள்பக்கம் பிறந்தநாள் நாட்காட்டி தொங்கும். பன்னிரண்டு தாள். வருஷம் கிடையாது, கிழமை கிடையாது, தேதியும் பக்கத்தில் பெயரும்தான். யாரையெல்லாம் மறக்கக் கூடாதோ அவர்கள் பெயரெல்லாம் அதில் இருக்கும். உட்கார்ந்த இடத்தில் வேறு வேலை இல்லையே, படிக்கத்தான் செய்வோம். யார் பெயர் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்ப்போம். என் மாமியார் செத்து ஆறு வருஷமாகியும் அவள் பெயரை நான் அடிக்கவில்லை. பாசமெல்லாம் ஒன்றும் இல்லை, அடித்தால் நாத்தனார் பார்த்துவிடுவாள்.

என் தம்பி சீபேயின் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறியதும் அந்த நாட்காட்டியால்தான்.

சீபே என்னைவிடப் பத்து வயது இளையவன். கால்வாய்ப் பாலத்தில் வேலை. படகு வந்தால் பாலத்தைத் தூக்குவான், போனதும் இறக்குவான். இருபத்திரண்டு வருஷமாக இதே தூக்கலும் இறக்கலும்தான். காலுறைக்குக்கூட இஸ்திரி போடுகிற ஜாதி. கல்யாணம் ஆகவில்லை. ஒருத்தி நாலு வருஷம் கூட இருந்தாள். படகு வராத நேரம் பார்த்துச் சாப்பிடுகிறவனோடு குடித்தனம் நடத்த முடியாது என்று மூட்டையைக் கட்டிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தால் நாலு மாசம் தாங்கியிருக்க மாட்டேன்.

அவனுடைய நாற்பத்தாறாவது பிறந்தநாள் அன்று அவன் வீட்டில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தோம். வருகிற ஒவ்வொருவரும் வட்டத்தைச் சுற்றி வந்து எல்லோருக்கும் கை கொடுத்தாக வேண்டும். பிறந்தநாள்காரனுக்கு மட்டும் சொன்னால் போதாது. “உங்க தம்பிக்கு வாழ்த்துகள்” என்று எனக்கு, “உங்க மாமாவுக்கு வாழ்த்துகள்” என்று என் மகள் ரென்ஸ்கேக்கு, “உங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு வாழ்த்துகள்” என்று பக்கத்து வீட்டுக் கிழவருக்கு. நாய் இருந்தால் அதற்கும் ஒன்று. இந்தச் சடங்கு முடிந்த பிறகு நான் கழிப்பறைக்குப் போனேன்.

சும்மா ஒரு தாளைப் புரட்டினேன். மார்ச் ஒன்பது, தைமன். யார் இது? இன்னொரு தாளைப் புரட்டினேன். ஃப்ளோர். அப்புறம் யோரிஸ், யெல்லே என்று ஒரே தேதியில் இரண்டு பேர். கேள்விப்படாத பெயர்கள் மொத்தம் பதினொன்று. எல்லாம் பச்சை மையில், குண்டு குண்டான எழுத்தில், பக்கத்தில் பிறந்த வருஷத்தோடு. மூத்ததுக்கு ஒன்பது வயது, கடைசிக்கு ஒன்று.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. நாட்காட்டியை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு நேரே வட்டத்துக்கு நடுவில் போய் நின்றேன்.

“டேய் சீபே, யாருடா இந்தத் தைமன்?”

அவன் கேக் வெட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. “ஒரு பையன்.”

“ஃப்ளோர்?”

“அது பொண்ணு.”

“பதினொண்ணு இருக்குடா! யார் பிள்ளைங்க இதெல்லாம்?”

“அவங்கவங்க அம்மா பிள்ளைங்க.”

“அப்பன் யாரு?”

வட்டத்தில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. சீபே கடைசித் துண்டையும் ஒரே அளவாக வெட்டி, கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னான். “அப்பன்னு யாரும் இல்லக்கா. அவங்களுக்கு வேணும்னாங்க, நான் குடுத்தேன். அவ்வளவுதான்.”

“என்னத்தடா குடுத்தே?”

ரென்ஸ்கே என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, உக்காரு. மாமா என்ன குடுத்தார்னு இங்க எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு, உன்னைத் தவிர.”

பக்கத்து வீட்டுக் கிழவர் மட்டும் எழுந்து, பழக்க தோஷத்தில் “வாழ்த்து...” என்று கையை நீட்டினார். அவர் மனைவி அவர் காலை நறுக்கென்று மிதித்தாள். நீட்டிய கையை அவர் கேக் தட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே பாலத்துக்குப் போய் அவன் அறையில் உட்கார்ந்துவிட்டேன். முழுக்கதையும் கேட்காமல் எழுந்திருப்பதில்லை என்று சொன்னேன். அவனும் ஒளிக்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் இணையத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்திருக்கிறான். பிள்ளை வேண்டும், விந்து கொடுக்க ஆள் வேண்டும் என்று பெண்கள் அதில் எழுதுவார்கள். தர விருப்பமுள்ள ஆண்கள் பதில் போடுவார்கள். நடுவில் டாக்டர் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது.

அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினான். அம்மாடி, எத்தனை விதமான ஆம்பளைகள்! ஒருத்தன் சதுரங்கத்தில் வாங்கிய கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஒருத்தன் சட்டையில்லாமல் பாய்மரப் படகில் சாய்ந்திருக்கிறான், படகும் அவனுடையது இல்லையாம். இன்னொருத்தன் இதுவரை அறுபத்து மூன்று பிள்ளை என்று கால்பந்து கோல் கணக்காட்டம் போட்டிருந்தான். தங்கைக்குப் பிள்ளையில்லாமல் போன துக்கத்தில் வந்தேன் என்று ஒருத்தன் எழுதியிருந்தது மட்டும் மனசைத் தொட்டது.

“இயற்கை முறையில்தான் பலிக்கும்னு எழுதறானே, இவன்?”

“அவனுக்கு வேண்டியது பிள்ளை இல்லக்கா, படுக்கை. புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு அவன் பக்கம் போகாதீங்கன்னு நான்தான் எழுதிப் போடுவேன்.”

“நீ என்ன எழுதினே?”

இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்தான். கோப்பு! அதில் முதல் தாளாக அவனுடைய அறிவிப்பு. “வயது 36. உயரம் 1.91. பற்கள் சொந்தம். முடி மெல்லக் கழிகிறது, மறைக்க மாட்டேன். நீந்துவேன். கணக்கு சுமார். அப்பாவின் காது எனக்கு வந்திருக்கிறது, குழந்தைக்கும் வரலாம். டப்பாவில் கொடுக்கும் முறை மட்டும். எட்டு வீட்டுக்கு மேல் கிடையாது.”

“இதைப் படிச்சுட்டு எவடா வந்தா?”

“எட்டுப் பேரு,” என்றான். அப்படி ஒரு கௌரவத்தோடு சொன்னான்.

இப்போது எனக்குப் பழைய மர்மங்களெல்லாம் வெளிச்சமாயின. எட்டு வருஷம் அவன் வெந்நீர்த் தொட்டியில் இறங்கவில்லை. விந்துக்குச் சூடு ஆகாதாம். அதே காரணத்துக்காகச் சைக்கிளையும் விட்டுவிட்டு நடந்தே வேலைக்குப் போனான். எங்கள் ஊரில் தொண்ணூறு வயதுக் கிழவிகூடச் சைக்கிளில்தான் போவாள். சைக்கிள் ஏறாதவன் என்றால் ஊர் என்ன நினைக்கும்? மூலம் என்று நினைத்தது. நான்கூட ஒரு களிம்பு வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டான் கடன்காரன்.

முதலில் வந்தவள் ஹெர்மினா. பக்கத்து ஊரில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. தன் மாணவர்களின் பெற்றோர் பாதிப் பேர் சீபேயின் தெருவில் இருக்கிறார்கள், அவன் வீட்டு வாசலில் தன் சைக்கிள் நிற்பதை யாராவது பார்த்தால் மானம் போகும் என்று அவளுக்குப் பயம். அதனால் சின்னப் படகை எடுத்துக்கொண்டு கால்வாய் வழியாக வந்தாள். பாலத்தில் ஒரு தூண்டில் கழி இருக்கிறது, கயிற்று நுனியில் மரச்செருப்பு தொங்கும். படகுக்காரர்கள் பாலக் காசை அதில்தான் போடுவார்கள். சீபே டப்பாவைக் கம்பளிக் காலுறையில் சுற்றி அந்தச் செருப்பில் வைத்து இறக்கியிருக்கிறான். நடுவில் ஒரு ஜெர்மன்காரக் குடும்பம் தங்கள் படகை முன்னால் விட்டு, செருப்பைப் பார்த்ததும் இரண்டு யூரோவைப் போட்டுவிட்டுக் கையசைத்துக்கொண்டு போய்விட்டது.

“டப்பா மேலயே போட்டுட்டாங்க,” என்றான் சீபே. “ஆனா தைமன் அந்தத் தடவைதான் தங்கினான்.”

சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன், “எல்லாம் சரிடா. ஏன் செஞ்சே?”

“ரத்தமும்தான் குடுக்கறேன்.”

“ரத்தம் குடுத்தா ரத்தத்துக்குக் காது முளைக்குதா? ஏன்னு சொல்லு.”

“அந்தப் பக்கம் போகணும்னு ஒருத்தர் வந்து நிக்கிறாங்க. பாலம் என் கையில இருக்கு. தூக்கி விடறதுதானே முறை.”

“பாலக்காரன் தத்துவமெல்லாம் என்கிட்ட வேணாம்,” என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

கோப்பில் இன்னொரு தாளும் இருந்தது. ஹெர்மினா எழுதிய ஒப்பந்தம், ஒன்பது அம்சம். அதே தாளில்தான் எட்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். குழந்தைக்கு அவன் அப்பன் இல்லை. வருஷத்துக்கு ஒரு போட்டோ அனுப்புவார்கள். பிறந்தநாள் விழாவுக்கு வரக் கூடாது. எட்டு வீட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. எட்டாவது வீட்டில் பிள்ளை தங்கிய அன்றே அறிவிப்பை எடுத்துவிட்டானாம். சொன்ன சொல் தவறாதவன் என் தம்பி. அந்தக் குணத்தை நினைத்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மூன்று வாரத்துக்கு.

மூன்று வாரம் கழித்து என் சலூனில் ரென்ஸ்கே வந்து உட்கார்ந்து அழுதாள். நான் முடி வெட்டுகிறவள், அழுகிற வாடிக்கையாளர் எனக்குப் புதிதில்லை. ஆனால் இது என் பெண். இருபத்தொன்பது வயதில் கட்டி வந்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவளும் அவள் மனைவி லோட்டேயும் பிள்ளைக்காக ஆஸ்பத்திரி வரிசையில் இரண்டு வருஷம் காத்திருந்தார்கள். லோட்டே சுமப்பதாக ஏற்பாடு. வரிசை நகரவில்லை என்று அவர்களும் இணையத்தில் ஆள் தேடினார்கள். ஒருத்தன் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு காப்பிக் கடைக்கு வந்தான். அந்த அம்மா லோட்டேயின் பல்லைப் பார்க்கணும் என்றாளாம். இரண்டாமவன் தொலைபேசியிலேயே, மூன்று ராத்திரி தங்க வேண்டியிருக்கும், காலையில் முட்டை வேகவைத்தால் போதும் என்றானாம்.

“எவனோ ஒருத்தன் கிடைப்பான்மா,” என்றாள் ரென்ஸ்கே. “லோட்டே வயித்துல வளரும், அவன் மூக்கோட பிறக்கும். அதுல நான் எங்கம்மா இருக்கேன்? தெருவுல பாக்கறவங்க ‘யார் பிள்ளை’ன்னு கேட்டா, நான் என்ன, தள்ளுவண்டி தள்றவளா?”

என் கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றது. “அடியே! கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறோமேடி!”

“என்ன வெண்ணெய்?”

“உன் மாமன்!”

கூடவே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த லோட்டே விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். “அத்தை, எனக்கு மாமா அந்நியர்தான். ஆனா ரென்ஸ்கேக்கு அவர் ரத்தம். என் வயித்துல அவ குடும்பத்து ரத்தம் வளரும்.” ஒரு நிமிஷம் யோசித்தாள். “அந்தக் காதும் வருமா?”

“வரும்.”

“பரவாயில்லை.”

ரென்ஸ்கே மறுபடி அழுதாள். இது வேறு அழுகை. நான் அவள் தலையில் பாதி முடியை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் பறந்தேன். அக்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, பாலத்தைக் கடந்து அவன் அறைக்குள் போய் மூச்சு வாங்கச் சொன்னேன்.

“முடியாதுக்கா,” என்றான் சீபே.

“என்னது?”

“எட்டு முடிஞ்சுபோச்சு.”

“ரென்ஸ்கேடா! உன் அக்கா மக!”

“அதான் இன்னும் தப்பு. எட்டுப் பேருக்குக் குடுத்த வாக்கை, சொந்தக்காரின்னு வந்ததும் மீறினா அதுக்குப் பேரு என்ன?”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “முன்ன பின்ன தெரியாதவளுக்கெல்லாம் செருப்புல வச்சுக் குடுத்தியே, அப்பல்லாம் இனிச்சுது. வீட்டுப் பொண்ணு கேட்டா சட்டம் பேசறியா? ஊருக்கெல்லாம் உபகாரி, அக்காவுக்கு மட்டும் எமனா?”

அந்த நேரம் பார்த்து ஒரு படகு ஊதியது. சீபேயின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பொத்தானை அமுக்கினான். வழக்கமாக மூன்று படகு சேர்ந்தால்தான் தூக்குவான். அன்றைக்கு ஒற்றைப் படகுக்கும் தூக்கினான், அது போன பிறகும் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த இன்னொன்றுக்காகக் காத்திருந்தான். என் சைக்கிள் அக்கரையில், நான் இக்கரையில். கோபத்தில் வெளியே வந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பதினெட்டு நிமிஷம் அவனைப் பார்த்துக் கத்தினேன். “குடுக்கறியா இல்லையா? ஒரு டப்பாடா! ஒரே ஒரு டப்பா!” வண்டிகள் வரிசையாக நின்றன. ரொட்டிக் கடைக்காரன் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான்.

“என்ன பௌக்கே, தம்பி என்ன தரமாட்டேங்கிறான்? பெயிண்டா? என்கிட்ட இருக்கு.”

நான் என்னத்தைச் சொல்ல? “உன் வேலையைப் பாரு” என்றேன்.

பாலம் இறங்கியதும் சீபே வெளியே வந்தான். முகம் வெளுத்திருந்தது. “அந்த எட்டுப் பேரும் சரின்னா சரி. ஒருத்தர் மாட்டேன்னாலும் இல்லை. அவங்களை நான் கேக்கறேன்.”

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவன் வீட்டில் கூட்டம். நாற்காலிகள் வட்டமாக. ஆளுக்கு ஒரு காப்பி, ஒரு பிஸ்கட். கொடுத்ததும் பிஸ்கட் டின்னை மூடி அலமாரியில் வைத்தான். எட்டு வீட்டு அம்மாக்கள், ரென்ஸ்கே, லோட்டே, நான். பிள்ளைகளைக் கொல்லைக்கு அனுப்பியிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் அப்பா செத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. அவருடைய காது பதினொரு ஜோடி புல்வெளியில் ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்தது, சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே மூக்கைச் சிந்தினேன். சீபேயும் ஜன்னல் பக்கம் வந்தான். எல்லாரையும் ஒன்றாக அவன் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் நிற்கவில்லை, காப்பிப் பாத்திரத்தை எடுக்கப் போய்விட்டான்.

ஏழு பேர் சரி என்றார்கள். அதில் ஒருத்தி, எட்டு வீட்டுக்காரர்களும் பிள்ளைகளோடு வருஷா வருஷம் போகிற பிக்னிக்குக்குப் புதுப் பிள்ளையும் வரலாம் என்றாள். ஹெர்மினா மட்டும் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“எட்டுன்னா எட்டு. இன்னைக்கு அக்கா மக, நாளைக்கு அத்தை மக. எட்டுன்னு சொல்லிட்டு எண்பதுல நிக்கிற ஆளுங்களைப் பத்தி நானும் படிச்சிருக்கேன். என் பையன் வளந்து ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தா, நான் முதல்ல அவ காதையா பாக்கறது?”

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. ரென்ஸ்கே லோட்டேயின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஒருத்தர் மாட்டேன் என்றாலும் இல்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

ஹெர்மினா சீபே பக்கம் திரும்பினாள். “ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. ஏன் ஆரம்பிச்சீங்க? அன்னைக்கு ‘உதவி’ன்னு சொன்னீங்க. வெறும் உதவின்னா அதுக்கு முடிவே கிடையாது, கேக்கறவங்க வந்துக்கிட்டேதான் இருப்பாங்க. அதனாலதான் எனக்கு நம்பிக்கை இல்லை.”

சீபே கையைத் தேய்த்துக்கொண்டான். சொல்ல மாட்டான் என்றுதான் நினைத்தேன்.

“இந்த வட்டம்தான்,” என்றான். “எல்லா வட்டத்துலயும் எனக்கும் கை குடுக்கறாங்க. உங்க அக்காவுக்கு வாழ்த்துகள். உங்க அக்கா மகளுக்கு வாழ்த்துகள். உங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு. எல்லாம் இரவல். ஒரு தடவையாவது என்னுதுன்னு ஒண்ணுக்கு யாராவது கை குடுக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. பெரிய காரணம் ஒண்ணும் இல்லை.”

“அப்புறம் ஏன் பிறந்தநாளுக்கு வரமாட்டேன்னு கையெழுத்துப் போட்டீங்க?”

“நீங்க கேட்டீங்க. அழுதுக்கிட்டிருந்தீங்க.”

சீபே மறுபடி கையைத் தேய்த்துக்கொண்டான்.

“அதனால அந்தந்தத் தேதிக்குக் காலைல போய் நாட்காட்டியைப் பாத்து நானே சொல்லிக்குவேன்.”

“என்னன்னு?”

“‘வாழ்த்துகள் சீபே’ன்னு.”

யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள். எனக்கு ஐயோ என்றிருந்தது. அந்த நாட்காட்டியைத்தானே நான் ஆணியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து சபை நடுவில் ஆட்டினேன்? கூடப் பிறந்தவள், எனக்குத் தெரியவில்லையே.

“எட்டோட ஏன் நிறுத்தினேன்னு கேளுங்க,” என்றான் சீபே. “பதினொரு பேர் தேதியும் எனக்கு மனப்பாடம். நாட்காட்டி பாக்காமலே சொல்லுவேன். அதுக்கு மேல போனா பாத்துத்தான் தெரியும். அப்புறம் அது வெறும் எண்ணிக்கை, அறுபத்து மூணுக்காரன் மாதிரி.”

ஹெர்மினா தன் காலித் தட்டைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள்.

“அந்த டின்னைத் திறங்க,” என்றாள்.

எங்கள் பக்கம் இரண்டாவது பிஸ்கட் என்பது விளையாட்டுக் காரியமில்லை. என் கல்யாணப் பேச்சிலேயே ஒன்றோடு மூடிவிட்டார்கள். சீபே டின்னைத் திறந்து சுற்றிக் கொண்டுபோனான். ஹெர்மினா ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே பேனாவைத் தேடினாள். “எழுதிக்கறேன். ஒன்பதாவது வீடு. கடைசி வீடு. தேதியை மனப்பாடம் பண்ணியாகணும்.”

அடுத்த நாலு மாசம் சுமைகூலி வேலை எனக்கு. காலுறையில் சுற்றின டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, ஐம்பத்தாறு வயதில், எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தேன். ரொட்டிக் கடைக்காரன் நிறுத்தி, “என்ன பௌக்கே, பெயிண்ட் கிடைச்சுதா?” என்றான். “கிடைச்சுது, காயறதுக்குள்ள போகணும்” என்றேன். நாலாவது தடவை லோட்டேக்குத் தங்கியது. ஆண் பிள்ளை. ஆபே என்று பெயர் வைத்தார்கள். காதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவச்சி ரென்ஸ்கேயையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்படியே உங்க ஜாடை” என்றாள். என் பெண் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆபேயின் முதல் பிறந்தநாள் அன்று ரென்ஸ்கே வீட்டில் வட்டம். சீபேயின் பக்கத்து வீட்டுக் கிழவரும் மனைவியும்கூட வந்திருந்தார்கள். ஹெர்மினா தைமனோடு வந்து சுற்ற ஆரம்பித்தாள். “உங்க மகனுக்கு வாழ்த்துகள்” என்று லோட்டேக்கு. “உங்க மகனுக்கு வாழ்த்துகள்” என்று ரென்ஸ்கேக்கு. “பேரனுக்கு வாழ்த்துகள்” என்று எனக்கு. அடுத்து சீபே. இந்தக் கட்டத்தில் எழுந்து காப்பி எடுக்கப் போவது அவன் பழைய பழக்கம், அன்றைக்கும் எழுந்தான். அவள் வழியை மறித்து நின்றாள்.

“உங்க அக்கா பேரனுக்கு வாழ்த்துகள்.”

“நன்றி,” என்று கையை இழுத்தான். அவள் விடவில்லை.

“தைமனுக்கும் வாழ்த்துகள், சீபே. போன மார்ச் ஒன்பதுக்குப் பதினொரு வயசு முடிஞ்சுது.”

சீபே சுற்றுமுற்றும் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது. “இது ஒப்பந்தத்துல இல்லையே.”

“எழுதினவ நான்தானே.”

தைமன் கேக்கை மென்றுகொண்டே, “இன்னைக்கு என் பிறந்தநாளே இல்லையேம்மா,” என்றான். பக்கத்து வீட்டுக் கிழவர் எழுந்தார். இரண்டு வருஷத்துக்கு மேலாகத் தொண்டையில் வைத்திருந்த வாழ்த்து அது. கையை நீட்டி, “வாழ்த்துகள் சீபே!” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். மனைவி இந்தத் தடவை காலை மிதிக்கவில்லை, அவளும் எழுந்து கை கொடுத்தாள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வட்டம் முழுக்க எழுந்து அவனைச் சுற்றி வந்தது. காப்பி ஆறிப்போனது.

நான்தான் கடைசி. அவன் கண், மூக்கு எல்லாம் ஒழுகிக்கொண்டு நின்றான், தடிமாடு. அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“வாழ்த்துகள்டா சீபே. பன்னண்டுக்கும்.”

“பதினொண்ணுதான்க்கா,” என்றான். “ஆபே ரென்ஸ்கே பிள்ளை.”